வாசகர் கேள்வி பதில்: தீத்தடுப்புத் துணி வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டு காகிதங்கள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் துணி, தீ, மீள்சுழற்சி ஆகிய மூன்றும் சேர்ந்த கேள்விகள் இந்த இதழில். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

உப்புவெளியில் 12 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். திரைச்சீலை முழுவதையும் மாற்ற வேண்டும். விருந்தினரை அனுப்பும் பிரித்தானிய முகவர், துணி தீத்தடுப்பு உள்ளதாகவும் மீள்சுழற்சிச் சான்றிதழ் பெற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறார். கொழும்புக் கடைக்காரர் ஒருவர் ஜி.ஆர்.எஸ். (உலக மீள்சுழற்சித் தரம்) சான்றிதழின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது போதுமா?
– விடுதி உரிமையாளர், உப்புவெளி

போதாது. படத்தின் தலைப்பில் 'ஸ்கோப் சான்றிதழ்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த ஆலை ஜி.ஆர்.எஸ். முறைப்படி துணி செய்யத் தகுதி பெற்றது என்று மட்டுமே அது சொல்கிறது. உங்களுக்கு வரும் ரோல் அப்படிச் செய்யப்பட்டதா என்பதற்கு அது சாட்சி அல்ல. இதைச் சான்றிதழிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. ஒரே ஆலை ஒரு தறியில் சாதாரணப் பொலியெஸ்டரும் அடுத்த தறியில் மீள்சுழற்சிப் பொலியெஸ்டரும் நெய்யும்.

குறிப்பிட்ட சரக்குக்கு உரியது பரிவர்த்தனைச் சான்றிதழ். வியாபாரிகள் டி.சி. என்பார்கள். விற்றவர், வாங்கியவர், இன்வொயிஸ் இலக்கம், துணி விவரம், மீள்சுழற்சி வீதம், நிறை எல்லாம் அதில் வரும். சரக்கு புறப்பட்ட பிறகுதான் சான்றளிக்கும் நிறுவனம் அதை வழங்கும். ஆகவே நீங்கள் ஓடர் கொடுக்கு முன்பே ஒருவர் டி.சி. காட்டினால், அது வேறொருவரின் சரக்குக்கு உரியது, அல்லது கடைக்காரர் முன்பு இறக்கிய சரக்குக்கு உரியது. கடைக்காரரிடமே ஸ்கோப் சான்றிதழ் இல்லையென்றால் சங்கிலி அவருடைய கடையோடு முடிந்துவிடும், உங்கள் பெயரில் டி.சி. வராது. ஆலையிடமிருந்து நேரே உங்கள் பெயருக்கு இன்வொயிஸ் எடுப்பது, அல்லது சான்றிதழ் பெற்ற இறக்குமதியாளரிடம் வாங்குவது, இந்த இரண்டில் ஒன்றுதான் பிசகில்லாத வழி. ஸ்கோப் சான்றிதழ் இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை ஜி.ஆர்.எஸ். தரத்தை நடத்தும் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். சான்றளிக்கும் நிறுவனங்களில் ஒன்றான கொன்ட்ரோல் யூனியனுக்குக் கொழும்பில் அலுவலகம் உண்டு. சான்றிதழை வழங்கியது அவர்கள் என்றால் இலக்கத்தைக் கொடுத்து நேரே கேட்டுவிடலாம்.

இவ்வளவும் மீள்சுழற்சிக் கணக்கு. தீயைப்பற்றி ஜி.ஆர்.எஸ். ஒன்றும் சொல்லாது. அதற்குத் தனியாக ஓர் ஆய்வுகூட அறிக்கை வேண்டும். பிரித்தானிய முகவர் என்றால் அவர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் திரைத்துணிக்கான பிரித்தானியத் தீத் தரம், பி.எஸ். 5867 பகுதி 2. அதில் பி வகை பொதுமக்கள் புழங்கும் இடங்களுக்குப் போதுமானது. சி வகை இன்னும் கடுமையானது, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு. அமெரிக்க முகவர் என்றால் அந்நாட்டுத் தீத் தரமான என்.எஃப்.பி.ஏ. 701 கேட்பார். எது வேண்டும் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு துணி தேடுங்கள். 'ஏதாவது ஃபயர் சான்றிதழ் போதும்' என்று அவர் சொன்னாலும் இலக்கத்தைக் கேளுங்கள்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனைக்கூடங்களின் தகுதிக்கான தரம்) அங்கீகாரம் உண்டா; துணியின் ஆர்ட்டிகிள் இலக்கம் (ஆலை அந்தத் துணி வகைக்கு இட்ட இலக்கம்) நீங்கள் வாங்கும் துணியின் இலக்கமா; சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்; எந்த நிறம்; துவைக்கு முன் சோதித்ததா, துவைத்த பின்னா. கடைசி இரண்டிலும்தான் அதிகம் தவறுகிறது. வெள்ளைத் துணிக்கு எடுத்த அறிக்கையைக் காட்டிக் கருநீலத்தை விற்பார்கள். சாயமும் மென்மையூட்டியும் மாறினால் எரியும் விதமும் மாறும்.

இந்த இரண்டு காகிதங்களும் தமக்குள் பேசுவதில்லை. ஒரு துணிக்கு டி.சி.யும் இன்னொரு துணிக்குத் தீ அறிக்கையும் வாங்கி ஒரே உறையில் போட்டுக் கொடுப்பது எளிது. டி.சி., தீ அறிக்கை, ரோலில் ஒட்டிய லேபல் மூன்றிலும் ஒரே ஆர்ட்டிகிள் இலக்கம் இருக்க வேண்டும். லேபல்களைக் கிழித்து எறியாமல் கோப்பில் வையுங்கள்.

இனி அளவு. உங்கள் யன்னல் 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் என்று வைப்போம். மடிப்பு நன்றாக விழ அகலத்தில் இரு மடங்கு துணி வேண்டும், அதாவது 6 மீற்றர். துணியின் அகலம் 1.4 மீற்றர் என்றால் 5 துண்டுகள். மேல் கீழ் மடிப்புக்கு 30 சென்ரிமீற்றர் சேர்த்து ஒவ்வொன்றும் 2.8 மீற்றர். ஓர் அறைக்கு 14 மீற்றர், 12 அறைக்கு 168 மீற்றர். வெட்டுச் சேதத்துக்கும் சோதனைக்கும் சேர்த்து 180 மீற்றர் எடுங்கள். 3 மீற்றர் அகலத் துணி கிடைத்தால் அதைப் பக்கவாட்டில் திருப்பித் தைக்கலாம்: அறைக்கு 6.2 மீற்றர், மொத்தம் 75 மீற்றரளவில் முடியும், மூட்டும் இராது.

இந்தக் கணக்கு துணிக்கு மட்டுமல்ல, காகிதத்துக்கும் உதவும். 180 மீற்றரை 1.4 ஆல் பெருக்கினால் 252 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 250 கிராம் துணி என்றால் 63 கிலோ. டி.சி.யில் உங்கள் இன்வொயிசுக்கு 25 கிலோ மட்டும் எழுதியிருந்தால் மிச்சம் 38 கிலோவுக்குச் சான்று இல்லை என்று பொருள். கணக்குப் பார்ப்பார் இல்லை என்ற துணிவில்தான் இப்படி நடக்கிறது.

டி.சி. பின்னால்தான் வரும் என்பதால் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை, பத்தில் ஒன்றாவது, டி.சி. கைக்கு வந்த பிறகு என்று ஓடரிலேயே எழுதுங்கள். நம் கரையில் சுற்றுலாக் காலம் சித்திரை வைகாசியில் தொடங்குவதால், மாரி மழை பெய்துகொண்டிருக்கும்போதே, கார்த்திகையில், மாதிரித் துணி கேட்டுவிடுங்கள். மாதிரி, சோதனை, சாயம், கப்பல், தையல் என்று மாதங்கள் ஓடிவிடும்.

ஜி.ஆர்.எஸ்., ஆர்.சி.எஸ். இரண்டும் ஒன்றா?
– கொள்வனவு அலுவலர், திருகோணமலை நகர்

இரண்டும் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்சின் தரங்கள்தான். ஆர்.சி.எஸ். துணியில் மீள்சுழற்சிப் பொருள் எவ்வளவு என்பதை மட்டும் பின்தொடரும். 5 வீதம் இருந்தாலே அதற்குள் வரலாம், ஆகவே வெறுமனே 'ஆர்.சி.எஸ். துணி' என்றால் மயங்க வேண்டாம், வீதத்தைக் கேளுங்கள். ஜி.ஆர்.எஸ். உள்ளே வர 20 வீதம் வேண்டும், பொருளில் அதன் சின்னத்தைப் போட 50 வீதம் வேண்டும். கூடவே ஆலையின் தொழிலாளர் நிலை, கழிவுநீர், பயன்படுத்தும் இரசாயனங்கள் ஆகியவற்றையும் அது பார்க்கும். தீத்தடுப்புத் துணியில் இரசாயனம் முக்கியம் என்பதால் இங்கே ஜி.ஆர்.எஸ்.ஸுக்கே எங்கள் வாக்கு.

ஒரு துணி உண்மையில் மீள்சுழற்சிப் பொலியெஸ்டரா, புதிதா என்பதைத் துணியைச் சோதித்து நம்பகமாகச் சொல்ல ஆய்வுகூடத்துக்கு வழியில்லை. உருக்கி மீண்டும் நூற்ற பிறகு இரண்டும் ஒரே பொருள். அதனால் அந்தப் பக்கம் காகிதச் சங்கிலியை மட்டுமே நம்பியிருக்கிறது. தீப் பக்கம் நேர்மாறு: என்ன காகிதம் இருந்தாலும் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்துவிடலாம்.

ஹொரணையில் பிளாஸ்டிக் போத்தலிலிருந்து பொலியெஸ்டர் நூல் செய்கிறார்கள் என்று அறிகிறோம். அந்த நூலை வாங்கி எங்கள் கைத்தறியில் தீத்தடுப்புத் திரைத்துணி நெய்து ஹோட்டல்களுக்கு விற்கலாமா?
– கைத்தறி மகளிர் குழு, மூதூர்

நூல் பற்றிய தகவல் சரி. ஈகோ ஸ்பின்டில்ஸ் நிறுவனம் அங்கே பெட் போத்தலை நூலாக்குகிறது. ஆனால் போத்தல் நூல் என்பதாலேயே அது தீயைத் தடுக்காது. சாதாரணப் பொலியெஸ்டர் எரியும். 255, 260 பாகை செல்சியசில் உருகிச் சொட்டும், சொட்டும் துளியே எரிந்துகொண்டு விழும்.

பொலியெஸ்டர் தீயைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, நூலாக்கு முன்னரே பொஸ்பரஸ் சேர்மத்தைப் பொலிமர் சங்கிலியில் பிணைப்பது. ட்ரெவிரா சி.எஸ். என்ற ஜெர்மன் வகை இப்படிப்பட்டது, அதன் மீள்சுழற்சி வடிவமும் உண்டு. துவைத்தாலும் தேய்த்தாலும் இந்தக் குணம் போகாது, ஏனெனில் அது மேற்பூச்சு அல்ல. இரண்டாவது வழி, நெய்த துணியைப் பொஸ்பரஸ் கரைசலில் தோய்த்துப் பிழிந்து, காயவைத்து, 190 பாகை அளவில் ஓரிரு நிமிடம் சூடேற்றுவது. அந்த வெப்பத்தில் சேர்மம் இழைக்குள் புகுந்து நிற்கும். இதற்கு ஸ்டென்டர் என்ற நீண்ட சூட்டு இயந்திரம் வேண்டும். கைத்தறி நிலையத்தில் அடுப்பு மூட்டிச் செய்கிற வேலை அல்ல. வெளியில் ஒரு முடிப்பு ஆலையிடம் (நெய்த துணியை இப்படிப் பதப்படுத்தும் ஆலை) கொடுத்துச் செய்வித்தால் தீத்தடுப்பு கிடைக்கும். ஆனால் அந்த ஆலை ஜி.ஆர்.எஸ். சங்கிலிக்குள் இல்லையென்றால் மீள்சுழற்சிச் சான்று அங்கே அறுந்துவிடும். பலரும் கவனிக்காத இடம் இது.

ஆகவே உங்களுக்கு ஏற்றது முதல் வழி நூல்: தீத்தடுப்பும் மீள்சுழற்சியும் நூலிலேயே உள்ளதைக் கூம்புகளாக வாங்குங்கள். சேர்க்கும் தீத்தடுப்புப் பொருள் புதியது என்பதால் மீள்சுழற்சி வீதம் 100ஐ விடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம், ஆனால் விலைப்பட்டியலில் சரியான வீதத்தைப் போடுங்கள்.

பாவில் (நீளவாட்டு நூல்) அந்த நூலைப் போட்டுவிட்டு ஊடைக்கு (குறுக்கு நூல்) அழகுக்காகப் பருத்தி நூல் போடக்கூடாது, கரைக்கட்டுக்கும் கூடாது. தீத்தடுப்புப் பொலியெஸ்டர் தப்புவது சுடரைவிட்டுச் சுருங்கி விலகுவதால். பருத்தி கரிந்து ஒரு சட்டமாக நின்று, உருகிய பொலியெஸ்டரைச் சுடருக்குள்ளேயே பிடித்துவைக்கும். இரண்டும் தனித்தனியே எரிவதைவிடக் கலப்பு மோசமாக எரிவது இதனால்தான். பா நூலுக்குக் கஞ்சி போட்டால் நெய்த பிறகு முழுமையாகக் கழுவி நீக்குங்கள்.

விற்கும்போது ஜி.ஆர்.எஸ். சின்னம் போட வேண்டுமானால் உங்கள் குழுவுக்கே ஸ்கோப் சான்றிதழ் வேண்டும். சிறு குழுவுக்கு அந்தச் செலவு ஆரம்பத்தில் கட்டாது என்பது எங்கள் எண்ணம். சின்னம் இல்லாமல், நூல் விற்றவர் தந்த டி.சி.யின் பிரதியைக் காட்டி, எந்த நூலில் நெய்தது என்று சொல்லி விற்கலாம். தீ அறிக்கை மட்டும் உங்கள் துணிக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். நூல் ஆலையின் அறிக்கை நெய்த துணிக்குச் செல்லாது, நெசவு நெருக்கமும் நிறையும் மாறினால் முடிவும் மாறும். கொழும்பில் எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக், பியூரோ வெரிட்டாஸ் ஆகியவை புடவைச் சோதனை செய்கின்றன. தீச் சோதனையில் உங்களுக்கு வேண்டிய தரத்தை இங்கேயே செய்வார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, எத்தனை மீற்றர் கேட்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஹோட்டல் ஒன்றுக்குத் தீத்தடுப்புத் துணியில் திரை தைக்கக் கேட்டிருக்கிறார்கள். தையலில் விசேஷமாகக் கவனிக்க ஏதும் உண்டா?
– தையற்கடை உரிமையாளர், பிரதான வீதி

உண்டு. நல்ல துணியைக் கெடுப்பது பெரும்பாலும் துணியோடு சேர்கிற மற்றவைதான்.

லைனிங் முதலாவது. வெளிச்சம் மறைக்கும் பிளாக்அவுட் லைனிங்கின் பின்புறப் பூச்சு எரியக்கூடியது. அதற்கும் தீத்தடுப்பு அறிக்கை கேளுங்கள். துணியும் லைனிங்கும் தனித்தனியே தேறினாலும் சேர்த்துத் தொங்கவிட்டால் தேறாமல் போகலாம், மேலே கைத்தறிக் குழுவுக்குச் சொன்னதுபோல ஒன்று சட்டமாக நின்று மற்றதைச் சுடருக்குள் பிடித்துவைக்கும் கதைதான். பெரிய ஓடர் என்றால் இரண்டையும் சேர்த்துத் தைத்த ஒரு துண்டையே சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நூல் பொலியெஸ்டர் நூலாக இருக்கட்டும், தீத்தடுப்பு நூல் கிடைத்தால் அதுவே நல்லது. மேலே வைக்கும் மடிப்பு நாடா பருத்தி வேண்டாம். பூவேலை, மணித் தொங்கல், குஞ்சம் எல்லாம் சோதிக்காத பொருள், அவற்றை ஒட்டினால் துணியின் அறிக்கைக்குப் பெறுமதி இல்லை. கீழ் மடிப்பு விறைப்பாக நிற்கப் பசைத் துணி வைப்பதையும் தவிருங்கள்.

ஊசி வழுக்கிப் போக சிலிக்கோன் எண்ணெய் விடுகிற பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு நிறுத்துங்கள். சிலிக்கோன் படிந்த இடத்தில் பொலியெஸ்டர் சுருங்கி விலகாமல் நின்று எரியும். அறிக்கையில் தேறிய துணி தைத்த பிறகு தோற்பதற்கு இது ஒரு காரணம். ஸ்பிரே ஸ்டார்ச் அடிப்பதும் அப்படியே.

தொடங்கு முன் ஒரு மீற்றரை வெட்டி, துவைத்து, காயவைத்து மீண்டும் அளந்துவிடுங்கள். 2, 3 சென்ரிமீற்றர் சுருங்கினால் 2.5 மீற்றர் திரையில் அது 5 முதல் 8 சென்ரிமீற்றர், தரையைத் தொட வேண்டிய திரை கணுக்காலில் நிற்கும்.

வெட்டுத் துண்டுகளில் கையகலம் ஒன்றை ரோல் இலக்கம் எழுதி விடுதிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னொரு நாள் யாராவது பரிசோதிக்க வந்தால் தைத்த திரையை வெட்ட வேண்டியிராது.

எங்கள் கோயில் மூலஸ்தானத் திரை தீபாராதனையின்போது ஒருமுறை ஓரம் கருகிவிட்டது. பருத்தித் திரை. வீட்டிலேயே ஏதாவது கரைசலில் தோய்த்துத் தீப்பிடிக்காமல் செய்ய முடியுமா?
– ஆலய பரிபாலன சபை உறுப்பினர்

பருத்திக்கு ஒரு பழைய முறை உண்டு. போராக்ஸ் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு, வெந்நீர் 100 பங்கு. 10 லீற்றர் நீருக்கு 700 கிராம் போராக்ஸ், 300 கிராம் போரிக் அமிலம். போராக்ஸ் சுடரை அடக்கும், போரிக் அமிலம் சுடர் அணைந்த பின் கனல் பரவுவதை அடக்கும், ஆகவே ஒன்றை மட்டும் போடக்கூடாது. திரையைக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துவைத்துக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். கரைசலில் முழுதாக நனைத்து, மெதுவாகப் பிழிந்து, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் மருந்து போய்விடும். கொடியில் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டால் கீழோரத்தில் மட்டும் சேரும். காய்ந்த பிறகு மீண்டும் நிறுங்கள்: 1 கிலோத் திரை 80 முதல் 100 கிராம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் மறுபடி ஒருமுறை.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை நீரில் நனைத்தாலே மருந்து போய்விடும், ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் புதிதாகத் தோய்க்க வேண்டும். பட்டுத் திரையில் வெள்ளைத் திட்டுப் படியும், ஜரிகை மங்கும், அதில் செய்ய வேண்டாம். பொலியெஸ்டர் வெல்வெட்டில் இது பிடிக்காது. போரிக் அமிலம் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருளாக ஐரோப்பாவில் 2010 முதல் மிகுந்த கவலைக்குரிய இரசாயனங்களின் பட்டியலில் உள்ளது. கையுறை போடுங்கள், கர்ப்பிணிகள் இந்த வேலைக்கு வேண்டாம், அன்னதானப் பாத்திரத்தில் கலக்கவே கூடாது.

புதிய திரை வாங்குவதானால் தீத்தடுப்பு நூலில் நெய்த பொலியெஸ்டர் வெல்வெட் நல்லது. எந்தத் திரையானாலும் தீபாராதனை நேரத்தில் பக்கத்தில் முழுதாக ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது இருக்கும் கம்பி திரையின் அகலத்தளவே என்றால் அதைவிட அரை மீற்றர் கூடுதல் நீளமான கம்பி போட்டுவிடுங்கள். இரசாயனத்தைவிட இது மலிவு, பயனும் அதிகம்.

வெல்டிங் வேலைக்குப் போடத் தீத்தடுப்பு மீள்சுழற்சிப் பொலியெஸ்டரில் மேலாடை தைக்கலாமா? விலை குறைவாக வருகிறது.
– பட்டறை உரிமையாளர், சீனக்குடா

வேண்டாம். திரைக்கு நல்ல துணி உடலுக்கு நல்லதல்ல. தீத்தடுப்புப் பொலியெஸ்டரும் உருகும். திரையில் அது உருகிக் கீழே விழுந்தால் சுடர் பரவாது, உடையில் உருகினால் தோலில் ஒட்டும். வெல்டிங் உடைக்குரிய தரம் ஐ.எஸ்.ஓ. 11611. சாதாரண வெல்டிங்குக்கு வகுப்பு 1, பொறியும் வெப்பமும் அதிகமுள்ள வேலைக்கு வகுப்பு 2. இதற்குத் தீத்தடுப்பு முடிப்புச் செய்த பருத்தி, மோடக்ரிலிக் என்ற எளிதில் எரியாத செயற்கை இழையும் பருத்தியும் சேர்ந்த கலவை போன்றவற்றைத் தேடுங்கள். மீள்சுழற்சிப் பருத்தி ஒரு பங்கு கலந்த துணிகள் வருகின்றன, ஆனால் மீள்சுழற்சிப் பருத்தியின் இழை குட்டை என்பதால் கிழிசல் வலிமையையும் அறிக்கையில் பாருங்கள். உள்ளே நைலோன் பனியன் போட்டால் இத்தனையும் வீண்.

தீத்தடுப்புத் திரைகளை எப்படித் துவைப்பது? கடற்காற்றில் மாதம் ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கிறது.
– சலவைப் பொறுப்பாளர், நிலாவெளி

தீத்தடுப்பு நூலிலேயே உள்ள பொலியெஸ்டர் என்றால் பயமில்லை, லேபலில் சொன்ன சூட்டுக்குள் துவையுங்கள். படியும் உப்பை நீக்கப் பலமுறை வெறும் நீரில் அலசினாலே பாதி வேலை முடியும். முடிப்புச் செய்த பருத்தி என்றால் கட்டுப்பாடு அதிகம். கட்டிச் சவர்க்காரம் கூடாது, சலவைத் தூள் மட்டும். கிணற்று நீர் கடினமாக இருந்தால் சவர்க்காரம் அதிலுள்ள கல்சியத்துடன் சேர்ந்து துணியில் படியும். அந்தப் படிவு எரியும், தீத்தடுப்பு உள்ளே இருந்தும் பயனில்லை. குளோரின் பிளீச் முடிப்பையே அழிக்கும். இரண்டு வகைக்கும் பொதுவாக வாசனை மென்மையூட்டி கூடாது.

நீரில் கரையும் உப்பு வகைத் தீத்தடுப்பு மருந்து தோய்த்த திரை நம் கரைக்குப் பொருந்தாது. ஈரக்காற்றை இழுத்துப் பிசுபிசுக்கும், கொக்கிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

கடைக்காரர் லைட்டரால் துணியைக் கொளுத்தி 'பாருங்கள், எரியவில்லை' என்று காட்டினார். நம்பலாமா?
– வாசகி, உவர்மலை

அவர் கொளுத்திய விதத்தைப் பொறுத்தது. மடித்த துணியின் நடுவில் லைட்டரை இரண்டு நொடி காட்டினால் சாதாரணத் துணியும் தப்பிவிடும். ஓரத்தில், செங்குத்தாக, போதிய நேரம் காட்ட வேண்டும். என்.எஃப்.பி.ஏ. 705 என்ற களச் சோதனை முறை இதற்காகவே எழுதப்பட்டது: 12.7 மில்லிமீற்றர் அகலம், 101.6 மில்லிமீற்றர் நீளம் கொண்ட துண்டைக் குறட்டில் பிடித்துத் தொங்கவிட்டு, கீழோரத்தில் தீக்குச்சிச் சுடரை 12 நொடி காட்ட வேண்டும். சுடரை எடுத்ததும் 2 நொடிக்குள் அணைய வேண்டும், சொட்டும் துளி கீழே விழுந்து எரிந்துகொண்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே, காற்றில்லாத இடத்தில், வாளி நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாவின் திசையில் மூன்று, ஊடையின் திசையில் மூன்று என்று வெட்டுங்கள், ஒரு திசையில் மட்டும் எரிகிற துணி உண்டு. பிறகு இன்னொரு துண்டை ஐந்தாறு முறை துவைத்து மறுபடி. முதல் தடவை தேறி இரண்டாம் தடவை எரிந்தால் அது கழுவினால் போகிற மருந்து.

இந்தச் சோதனை மோசமான துணியைத் தள்ளிவிட உதவும். நல்லது என்று உறுதி சொல்ல உதவாது. என்.எஃப்.பி.ஏ. 701 இன் முதல் முறையில் 150 மில்லிமீற்றருக்கு 400 மில்லிமீற்றர் துண்டுகள் பத்து, ஒவ்வொன்றுக்கும் 45 நொடி வாயுச் சுடர், எரிந்த நிறை 40 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கே வேறு.

புறக்கோட்டையில் ஆடைத் தொழிற்சாலை மிச்சம் என்று விற்கும் ரோல்களையும் இப்படிச் சோதிக்கலாம். நல்ல துணி அகப்படும், விலையும் மலிவு. ஆனால் டி.சி. அந்த ரோலோடு வராது, அதை 'மீள்சுழற்சிச் சான்று பெற்றது' என்று விளம்பரத்தில் போடாதீர்கள்.

தீத்தடுப்பு இரசாயனங்கள் குழந்தைகளுக்குக் கூடாது என்கிறார்களே. வீட்டுத் திரைக்கு இது தேவையா?
– தாய் ஒருவர், கிண்ணியா

பயத்துக்குக் காரணம் உண்டு. முன்பு துணியின் பின்புறப் பூச்சில் புரோமின் சேர்மங்களைப் போட்டார்கள். அவை தூசியோடு உதிரும், உடலில் தங்கும். அவற்றில் எச்.பி.சி.டி. 2013 இலும் டெக்கா பி.டி.இ. 2017 இலும், அழியாமல் தங்கும் நச்சுப் பொருட்களுக்கான ஸ்டொக்ஹோம் சமவாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நூலின் பொலிமரிலேயே பிணைந்த பொஸ்பரஸ் வகையில் உதிர்வதற்குப் பூச்சு இல்லை. வாங்கும்போது பின்புறப் பூச்சு உள்ளதா என்று தடவிப் பாருங்கள், ஓயெக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 லேபலைக் கேளுங்கள். துணியிலுள்ள இரசாயனங்களைப் பார்க்கும் அந்த லேபல், அதை வழங்கும் அமைப்பு ஏற்றுக்கொண்ட தீத்தடுப்புப் பொருட்களை மட்டுமே அனுமதிக்கும்.

வீட்டுக்குத் தேவையா என்றால், காஸ் அடுப்புக்கு அருகில் உள்ள யன்னலுக்கும் சுவாமி அறைக்கும் பொருந்தும். மற்ற இடத்தில் நெருக்கமாக நெய்த கனமான பருத்தித் திரையே போதும், மெல்லிய வலைத்திரைதான் விரைவில் பிடிக்கும்.

திமிங்கிலம் பார்க்கப் போகும் படகின் இருக்கைகளுக்குத் தீத்தடுப்பு உறை போட்டால் போதுமா?
– படகு உரிமையாளர், நிலாவெளி

உறையை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சு உறையைவிட வேகமாக எரியும். பி.எஸ். 5852 சோதனை உறையையும் ஸ்பொஞ்சையும் சேர்த்து வைத்தே செய்யப்படுவது அதனால்தான். சிகரெட், தீக்குச்சிக்குச் சமமான சுடர், 'கிரிப்' எனப்படும் மரச்சட்ட அடுக்கு என்று நெருப்பு மூலம் படிப்படியாகப் பெரிதாகும். பொதுமக்கள் அமரும் இருக்கைக்கு 'கிரிப் 5' வரை தேறிய சேர்க்கையைக் கேட்பது வழக்கம். எரிதலைத் தடுக்கும் வகை ஸ்பொஞ்சை முதலில் வாங்கி, பிறகு உறையைப் பாருங்கள். பெரிய கப்பலுக்குத் தைப்பவர்கள் கவனிக்க: அங்கே செல்லுபடியாவது சர்வதேச கடல்சார் அமைப்பின் 2010 எஃப்.டி.பி. கோவை (கப்பல்களுக்கான தீச்சோதனை விதித் தொகுப்பு), திரைக்குப் பகுதி 7, இருக்கைக்குப் பகுதி 8, படுக்கைக்குப் பகுதி 9. கட்டடத்துக்கு எடுத்த அறிக்கையைக் கப்பலில் ஏற்கமாட்டார்கள்.

வெளிப்புற இருக்கையில் வெயிலும் உப்புநீரும் படுவதால் மீள்சுழற்சி என்றாலும் நூலாக்கு முன் பொலிமரிலேயே சாயமூட்டிய நூலில் நெய்ததைக் கேளுங்கள், நிறம் நீடிக்கும். எரிபொருள் தாங்கிக்கு மேலுள்ள இருக்கைக்குத் துணி உறையே வேண்டாம்.